பம்பாயிலிருந்து குவைத்துக்கு நாலு மணி நேரம்

மாணிக்கவேல் குவைத்துக்கு நான்கு தடவை போய் வந்தான். முதலில் போனது எழுபத்தெட்டாம் வருஷம். கடைசியாகத் திரும்பி வந்தது எண்பத்தேழில். நான்கு பயணத்தையும் அவன் மனைவி அபிதகுசாம்பாள் ஆரணியில் ஒரே வீட்டுக்குள் இருந்துதான் பார்த்தாள். பின்னால் வந்த மூன்றும் எப்படியோ கழிந்துவிட்டன. முதல் தடவைதான் அவளைக் கட்டிப்போட்டது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், அவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது. இது நம் பக்கத்தில் பல வீடுகளில் உண்டுதான். வேலூருக்குப் போனால் ஒன்றரை மணி நேரம், மெட்ராசுக்குப் போனால் நாலு மணி நேரம். இந்நேரம் பஸ் போய்ச் சேர்ந்திருக்கும் என்று மனசில் கணக்குப் போட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மாணிக்கவேலின் தாயார் தெய்வநாயகி வைத்திருந்த சட்டம் வேறு. கணக்கெல்லாம் செல்லாது. போய்ச் சேர்ந்தேன் என்று ஆள் மூலமாகவோ கடுதாசி மூலமாகவோ சேதி வர வேண்டும். அதோடு, வீட்டிலிருந்து ஒருவர் வழியில் இருக்கும்போது இன்னொருவர் வழியில் இறங்கக் கூடாது. கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். ஊர் எல்லையைத் தாண்டிப் பஸ் ஏறக் கூடாது.

அபிதா அந்த வீட்டுக்கு வந்தது எழுபதாம் வருஷம். கலசப்பாக்கத்தில் பருத்தி வேட்டி நெய்துகொண்டிருந்த சிவப்பிரகாசத்தின் ஒரே மகள், மேலே ஒரு அண்ணன். சிவப்பிரகாசத்துக்கு மூத்தவள் ஒரு அக்காள் இருந்தாள், தனகோடி என்று பேர். அவரைத் தூக்கி வளர்த்தவள், அபிதா பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அபிதாவுக்குத் தாயாரும் சின்ன வயசிலேயே இல்லை. அப்பாதான் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவார். அஞ்சாவது வரை படித்தாள். கையெழுத்து மணி மணியாக இருக்கும்.

பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை அவர்களுக்கு. மாணிக்கவேல் நல்ல தறிக்காரன். ஆனால் அந்த வருஷங்களில் கச்சாப் பட்டு கிடைக்காமல், இரண்டு மாதம் தறியில் ஏற்றப் பாவு நூல் இருந்தால் இரண்டு மாதம் தறி சும்மா கிடந்தது. குவைத்தில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் வந்து சொன்னதும் பேர் கொடுத்துவிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தாயாரிடம் கேட்டான். “போனதும் தந்தி அடிக்கட்டுமாம்மா? ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும்.”

“தந்தியா?” என்றாள் தெய்வநாயகி. “தந்திக்காரன் சைக்கிளு நம்ம தெருவுல நொழைஞ்சாலே எவ வூட்டுல எழவுன்னு பொம்பளைங்க வாசல்ல வந்து நிப்பாளுங்க. அத வாங்கிப் பிரிக்கற வரைக்கும் எனக்கு உசிரு இருக்குமா? ஒன்னும் வேணாம். கடுதாசி போடு, போதும்.”

அபிதா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தபாலாபீசுக்குப் போய் நான்கு இன்லண்டு லெட்டர் வாங்கினாள். நான்கிலும் ஆரணி விலாசத்தைத் தன் கையால் அழகாக எழுதி, அவன் தகரப் பெட்டியில் வேட்டி மடிப்புக்கு நடுவில் வைத்தாள்.

“புது ஊர்ல காயிதம் எங்க, பேனா எங்கன்னு தேடிகினு நிக்காதீங்க. எறங்கினதும் ரெண்டு வரி எழுதி, ஒட்டி, டப்பால போட்டுடுங்க. வாரத்துக்கு ஒன்னு போட்டாக்கூட ஒரு மாசத்துக்கு வரும்.”

“பரவால்லியே, கெட்டிக்காரியா இருக்கற,” என்றான் அவன். ஏழெட்டு வருஷத்தில் அவன் அவளைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தையைப் பல நாள் வரைக்கும் மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவன் ரயிலில் பம்பாய் போய்ச் சேர்ந்தான். சேர்ந்த சேதி கார்டில் வந்தது, வீடு பெருக்கப்பட்டது. அங்கே ஒரு வாரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை இன்னொரு கார்டு வந்தது. ‘நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏரோப்பிளேன். அம்மாவைப் பார்த்துக்கொள். பாப்பாவைப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பு.’

அபிதா வாசித்து முடித்ததும் தெய்வநாயகி விரலை மடித்து எண்ணினாள். “வியாயன், வெள்ளி, சனி, ஞாயிறு. புள்ள ஆகாசத்துல போய்கினு இருக்கான், நாம நாலு நாளா வூட்ட பெருக்கிகினு இருந்தமா?” முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். துடைப்பத்தை எடுத்துப் பரண்மேல் போட்டாள்.

பட்டு நெய்கிற வீட்டில் ஒரு நாள் பெருக்காவிட்டாலே தெரியும். அறுந்த இழை, சரிகைத் துணுக்கு, ராட்டையிலிருந்து பறக்கிற பஞ்சு எல்லாம் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். மாணிக்கவேல் விட்டுப்போன பாவில் ஒரு சேலை பாக்கி இருந்தது. அபிதா அதை நெய்தாள். குழித்தறி. காலைக் குழியில் விட்டு உட்கார்ந்தால் கண் தரைக்கு ஒரு முழ உயரத்தில்தான் இருக்கும். குறுக்கு இழை கொண்டு ஓடும் நாடாவை வீசிவிட்டு நிமிர்ந்தால் எதிரே குப்பை. காற்றடித்தால் அது நகர்ந்து நகர்ந்து அவள் பக்கமே வரும். மாமியார் பார்க்காதபோது இழைகளைக் கையால் பொறுக்குவாள். பெருக்குவதுதானே கூடாது?

ஏரோப்பிளேன் கிளம்பிய நாளிலிருந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, போளூர் பஸ் கண்டக்டர் எல்லப்பன் வீடு தேடி வந்தார். கலசப்பாக்கத்துக்காரர், சிவப்பிரகாசத்தின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர்.

“அப்பாவுக்கு ஒரு பக்கம் கையி காலு வரலம்மா. பேச்சு வருது, கொழகொழன்னு வருது. பதறாத. ஒன்னத்தான் கேட்டுகினு கீறாரு. அபிதா வந்துச்சா, அபிதா வந்துச்சான்னு தெனம் என்னியே கேக்கறாரு. பஸ்காரன்தான, கையோட இட்டுகினு வருவேன்னு நெனச்சிகினு கீறாரு போல.”

அபிதா திரும்பி மாமியாரைப் பார்த்தாள். தெய்வநாயகி எல்லப்பனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். “சம்மந்தி நல்லா ஆயிடுவாரு. கடுதாசி வந்துகினே கீது. வந்ததும் அன்னிக்கே அனுப்பறேன்,” என்றாள். கெட்ட மனசோடு சொல்லவில்லை. சம்பந்திக்கென்று ஒரு பை நிறையச் சாமை அரிசியும் கொடுத்தனுப்பினாள்.

கலசப்பாக்கம் இருபத்தெட்டு மைல். போளூரில் வண்டி மாறினாலும் இரண்டு மணி நேரம். அன்று நாடாவை வீசிக்கொண்டே அபிதா யோசித்தாள். அவர் வழியில் இருப்பதால்தானே நான் வழியில் இறங்கக் கூடாது? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று காட்டிவிட்டால்? எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று தெரிந்த ஒருவர் வாயால் சொல்லிவிட்டால்?

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேடியப்பன் என்று ஒருவர் பாஸ்போர்ட் மனு எழுதிக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். மாணிக்கவேலுக்கும் அவர்தான் எழுதினார். சுவரில் ஏரோப்பிளேன் கம்பெனி கொடுத்த பெரிய உலகப் படம் மாட்டியிருக்கும். மறுநாள் அங்கே போய் நின்றாள்.

“அண்ணே, பம்பாய்லேர்ந்து குவைத்து எம்மாம் தூரங்க?”

வேடியப்பன் படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தார். “நேரா கோடு போட்டா ஆயிரத்து எழுநூறு மைலும்மா.”

“போவ எத்தினி நேரம் ஆவும்?”

“கடல்மேல ரோடு போட்டு நம்ம போளூர் பஸ்ஸ வுட்டா மூணு நாளு ஆவும், அதுவும் டீ குடிக்க நிறுத்தலன்னா.” சிரித்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினார். “ஏரோப்பிளேன் தான? இந்தா. பம்பாய்ல பத்து மணிக்குக் கெளம்புது. குவைத்துல பதினொன்னரைக்கு எறங்குது.”

அதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். அபிதா நன்றிகூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “அத்தே, ஒன்னரை மணி நேரந்தான். புஸ்தகத்துல போட்டிருக்குது. அவரு அன்னிக்கி மத்தியானமே போயிட்டாரு.”

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் அப்போது அங்கே உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கிற தார்க் குச்சியில் இழை சுற்றிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “ஒன்னரை மணி நேரமா? அப்ப மத்தியான சோத்துக்கு வூட்டுக்கு வந்துட்டுப் போவலாமேடி.”

தெய்வநாயகி சிரிக்கவில்லை. “வேலூரு போறதுக்கே ஒன்னரை மணி நேரம். ஏழு கடல் தாண்டிப் போறதுக்கும் ஒன்னரை மணி நேரமா? ஒன்ன நல்லா ஏமாத்தி அனுப்பி இருக்கான்.”

அபிதாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் மறுபடியும் வேடியப்பனிடம் போனாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “எம்மேல தப்பும்மா, பேஜாருல சொல்லாம வுட்டுட்டேன். அந்த ஊரு கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால ஓடும். இங்க ரெண்டு மணி ஆவும்போது அங்க பதினொன்னரை. அப்படின்னா நெஜமா எம்மா நேரம் ஆவுது? நாலு மணி நேரம்.”

அவள் விரலை மடித்துச் சரிபார்த்தாள். நாலு மணி நேரம். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் மாமியாரிடம் அது எடுபடவில்லை.

“காலைல ஒன்னரை, சாயங்காலம் நாலு. நாளைக்குப் போய்க் கேளு, நாப்பதும்பான். கடிகாரத்தப் பின்னால வெச்சிகினு ஓட்டற ஊரு ஒன்னு இருக்குதாம், அத நீயும் நம்பிகினு வர்ற.”

“நெஜந்தான் அத்தே. சூரியன் அங்க லேட்டா வருதாம்.”

தெய்வநாயகி முடிந்துவைத்த பட்டு இழையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அப்புறம், அதுவரை மருமகளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“எனக்கும்தான் சொன்னாங்க. என் தம்பி ஜெயவேலு. எனக்கு அப்புறம் ரெண்டு பொறந்து தங்காம, நாலாவதா வந்தவன். பதினேழு வயசு. ரங்கூன்ல கடையில வேலைன்னு கப்பலேத்தி அனுப்பினோம். மெட்ராஸ்லேர்ந்து மூணு நாளுன்னு சொன்னாங்க. ஏத்திவுட்டவரு சொன்னாரு, போயிட்டு வந்தவரு சொன்னாரு, எல்லாரும் ஒரே மாரி சொன்னாங்க. நானும் மூணு நாளு எண்ணினேன். நாலாம் நாளு காலைல, சேந்திருப்பான்னு, கையில தொடப்பத்த எடுத்து வூட்ட பெருக்கினேன். நானு. இந்தக் கையால. கப்பலு ரெண்டு நாளு லேட்டாமே. அது எனக்கு அப்புறந்தான் தெரியும். நான் பெருக்கும்போது அவன் கடல்லதான் இருந்தான். அதே மாசம் சண்டை வந்து ரங்கூன்ல குண்டு போட்டாங்க. ஒரு வரி கடுதாசி வரல. இன்னிக்கு வரைக்கும் வரல. எறங்கினானா எறங்கலையான்னு சொல்ல ஒருத்தரும் இல்ல.”

இன்னும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த காசியம்மாள் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். அபிதா மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். மைலைக் காட்டலாம், மணியைக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது?

அன்றிலிருந்து தபாலைத் தவிர வேறு வழி இல்லை என்று ஆகிவிட்டது. குவைத்திலிருந்து கடுதாசி வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தெருவில் சொன்னார்கள். பன்னிரண்டு போயிற்று. பதினான்காம் நாள் எல்லப்பன் பஸ் நிலையத்தில் பார்த்தபோது, “இன்னும் கேட்டுகினுதான் கீறாரும்மா,” என்றார். அபிதா எண்ணெய் இறங்கிச் சடை பிடித்த தலையோடு தினமும் பதினொரு மணிக்கு வாசலில் நின்றாள். தலை அரிக்கும். குழிக்குள் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். ஆயிரத்து எழுநூறு மைலை அவர் நாலு மணி நேரத்தில் தாண்டிவிட்டார். இருபத்தெட்டு மைலை என்னால் தாண்ட முடியவில்லையே என்று நினைப்பாள். யாரிடம் சொல்வது? சேலை மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று.

பத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை. தபால்காரர் குப்புராஜ் சைக்கிளை விட்டு இறங்காமலே கையை விரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“இம்மா நாள் ஆவாதேம்மா. போன எடத்துல தபால்தலை வாங்கத் தெரியலியா என்னமோ. பாஷை தெரியாத ஊரு.”

“தபால்தலை எதுக்குங்க? நான்தான் நாலு இன்லண்டு வாங்கி, வெலாசம் எழுதி, பெட்டில வெச்சு அனுப்பினேனே.”

“எந்த இன்லண்டு?”

“நம்ம தபாலாபீஸ்ல வாங்கினதுதாங்க.”

குப்புராஜ் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது தெரிந்தது. “அம்மா, அது நம்ம சர்க்காரு காயிதம். நம்ம நாட்டுக்குள்ளதான் செல்லும். அந்த ஊரு டப்பால போட்டா அவன் அத எடுத்து என்னா பண்ணுவான்? அதுல இருக்கற தலை அவனுக்குத் தெரியாத தலை.”

“அப்ப வராதா?”

“வராதும்மா.”

நான்கு இன்லண்டு. வாரத்துக்கு ஒன்று என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள். அவன் சொன்னபடி செய்கிறவன். எழுதுவான், ஒட்டுவான், போடுவான், போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பான். நான்கும் தீருகிற வரைக்கும் அவனுக்கு எதுவும் தெரியப் போவதில்லை. கெட்டிக்காரி என்றானே, அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கதவை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது.

“அத்தைகிட்ட நீங்க சொல்ல வேணாங்க. நானே சொல்லிக்கறேன்,” என்றாள்.

மத்தியானம் எல்லப்பன் வண்டி வருகிற நேரத்துக்குப் பஸ் நிலையம் போனாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். வழக்கமாக அவரே கூப்பிட்டுச் சொல்கிறவர், அன்று இவளைப் பார்த்ததும் டிக்கெட்டுக் கட்டையைச் சரிசெய்தார்.

“அப்பா எப்படி இருக்காருண்ணே?”

“சாப்பிடறாரு. கஞ்சி குடிக்கறாரு.”

“என்னைக் கேட்டாரா?”

எல்லப்பன் டிரைவர் பக்கம் பார்த்தார். “ரெண்டு நாளா கேக்கறதில்லம்மா.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு அபிதா மாமியார் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இன்லண்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். கடுதாசி வராது, தன் தப்புதான் என்றாள்.

தெய்வநாயகி திட்டவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள். “அப்ப சேதி வராது.”

“வராது அத்தே.”

“சேதி வராம அவன் சேந்துட்டான்னு எப்படி வெச்சிக்கறது? அவன் இன்னும் வழியிலதான கீறான்?”

பேசினால் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கும். அபிதா எழுந்தாள். முக்காலியைப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்து துடைப்பத்தை எடுத்தாள்.

“அபிதா.”

“நீங்க பெருக்கல அத்தே. நான் பெருக்கறேன். உங்க கை படல. நாலு மணி நேரத்துல அவரு எறங்கிட்டாரு, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு என் கையால பெருக்கறேன். தப்பா இருந்தா எம்மேல வரட்டும்.”

தெய்வநாயகி தடுக்க எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அபிதா பெருக்க ஆரம்பித்தாள். பதினாறு நாள் குப்பை. சிவப்பு இழையும் பச்சை இழையும் சரிகையும் பஞ்சும் திரண்டு திரண்டு துடைப்பத்துக்கு முன்னால் உருண்டன. அந்தச் சத்தம் ஒன்றுதான் வீட்டில். வாசற்படி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். அப்போதுதான் மாமியாரின் குரல் வந்தது. சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

“வெளிய தள்ளாத. அது மட்டும் வேணாம். மூலையில வெச்சிடு. ஒன்ன கும்பிட்டுக் கேக்கறேன்.”

மாமியார் அவளிடம் கும்பிட்டுக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அபிதா குப்பையைத் திருப்பி மூலைக்குத் தள்ளி, ஒரு பழைய முறத்தைக் கவிழ்த்து மூடினாள். தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையை முடிந்துகொண்டு பத்தரை மணிப் பஸ்ஸில் ஏறினாள். எல்லப்பன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரத்தில் ஒருத்தரை எழுப்பி அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

போளூரில் வண்டி மாறி, கலசப்பாக்கத்தில் இறங்கும்போது பன்னிரண்டரை. இரண்டு மணி நேரம், ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “வந்தியா,” என்று மட்டும் சொன்னாள்.

சிவப்பிரகாசம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அபிதா காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நன்றாகவே மலர்ந்தது.

“தனகோடி,” என்றார். “அக்கா. வந்துட்டியா.”

அண்ணி கிட்டே வந்து, “மாமா, நல்லா பாருங்க, அபிதா வந்திருக்கு, உங்க பொண்ணு,” என்றாள். அவர் அண்ணியைப் பார்த்தார், யாரோ புதிய ஆள் என்பதுபோல. திரும்பவும் அபிதாவைப் பார்த்துச் சிரித்தார்.

“வண்டி கட்டிகினு வந்தியா அக்கா? எம்மா நேரம் ஆச்சு?”

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அபிதா அப்பாவின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

“ரெண்டு மணி நேரந்தாண்டா,” என்றாள்.

“அவ்ளோதானா,” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து நாள் இருந்தாள். ஐந்து நாளும் தனகோடியாகவே இருந்தாள். கஞ்சி கொடுத்தாள், சின்ன வயசில் தம்பி கிணற்றங்கரையில் வழுக்கி விழுந்த கதையை அவர் கேட்டபடி சொன்னாள். அது தனக்குத் தெரிந்த கதையே இல்லை, முன்பு அவர் சொல்லிக் கேட்டிருந்த அண்ணி பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அபிதா எங்கே என்று ஒரு தடவையாவது கேட்பாரா என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் இரண்டு மாதம் இருந்தார். பிறகு நல்லபடியாகவே போனார். ஆனால் மகள் பேர் அவர் வாயில் வரவே இல்லை.

ஆரணிக்குத் திரும்பியபோது முறம் வைத்த இடத்திலேயே இருந்தது. தெய்வநாயகி சம்பந்தி உடம்பைப் பற்றிக் கேட்டாள்; அபிதா நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அபிதா தினமும் பெருக்கினாள், தினமும் மூலைக்கே தள்ளினாள். முறத்துக்குக் கீழே குவியல் உயர்ந்துகொண்டு வந்தது.

முப்பத்தொன்றாம் நாள் சனிக்கிழமை. குப்புராஜ் தெருமுனையிலிருந்தே மணியடித்துக்கொண்டு வந்தார். நீல நிறத்தில் ஒரு காகிதம், அதில் அரபி எழுத்துத் தபால்தலை. காசியம்மாளும் வந்துவிட்டாள். அபிதா பிரித்து வாசித்தாள்.

‘வியாழக்கிழமை மத்தியானமே நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நாலு மணி நேரம்தான் ஆச்சு. ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லை. நீ கொடுத்த இன்லண்டில் இரண்டு எழுதிப் போட்டேன். மூன்றாவது எழுதும்போது கூட இருக்கும் கேரளாக்காரன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன்தான் இந்தக் காகிதம் வாங்கிக் கொடுத்தான். மாமா உடம்பு சௌக்கியமா.’

கடைசி வரியில் அவள் குரல் நின்றுவிட்டது. காசியம்மாள் கடுதாசியை வாங்கி மடித்து வைத்தாள்.

தெய்வநாயகி, “நாலு மணி நேரம்னா எழுதி இருக்கான்?” என்று கேட்டாள்.

“ஆமாம் அத்தே.”

“அந்த வேடியப்பன் சொன்ன அதே நாலு மணி நேரம்.”

“ஆமாம்.”

மூலையில் இருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லப்பன் வந்து சொன்ன நாளிலிருந்து பதினோரு நாள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அபிதாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல்தான் பார்க்கவில்லை என்று அபிதாவுக்குத் தெரிந்தது. பிறகு தெய்வநாயகி கேட்டாள்.

“அந்தப் படத்துல ரங்கூனு இருக்குதா?”

“இருக்கும் அத்தே.”

“மெட்ராஸ்லேர்ந்து ஏரோப்பிளேன்ல எம்மா நேரம்னு கேட்டுகினு வர்றியா?”

அபிதா போனாள். வேடியப்பன் அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஆயிரத்து நூறு மைல் என்றார். நேராக விமானம் கிடையாது, கல்கத்தா போய் மாற வேண்டும். நேராகப் பறந்தால் இரண்டரை மணி நேரம் என்றார். ஏன் என்று கேட்டார். அபிதா சும்மாதான் என்றாள்.

வீட்டுக்கு வந்து வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். “நேராப் போனா ரெண்டரை மணி நேரம் அத்தே.”

“ரெண்டரையா,” என்றாள் தெய்வநாயகி. “நம்ம பஸ்ஸு மெட்ராஸ் போறதுக்குள்ள அவன் போயிடுவான்.”

“ஆமாம்.”

“அம்மாம் கிட்டவா கீது.”

எழுந்து போய் முறத்தை நிமிர்த்தினாள். துடைப்பத்தைத் தொடாமல், கையாலேயே குப்பையை அதில் அள்ளினாள். வாசலுக்குக் கொண்டுவந்தவள் படியைத் தாண்டாமல் நின்று, முறத்தை மருமகளிடம் நீட்டினாள்.

“நீ கொட்டிடு. ஒன் வீட்டுக்காரன் சேந்துட்டான்.”